ஆயாசம் இல்லை என்றேன்

நாகலாபுரம் ஆந்திராவுக்கா, சென்னை ராஜ்யத்துக்கா என்று ஊரே வாய் வலிக்கப் பேசிக்கொண்டிருந்த சமயம். எனக்கு அந்தக் கவலையே இல்லை. என் வீட்டுக்காரர் தும்மிக்கொண்டிருந்தார்.

நெல் போரடிக்கிற தூசி பட்டால் போதும், அவருக்கு மூக்கு ஒழுகும், கண் சிவக்கும், அடுக்கடுக்காகத் தும்முவார். ஒற்றைத் தும்மல்தான் அபசகுனம், இவர் இருபது தும்முகிறார், யாரும் பயப்பட வேண்டாம் என்று நானே கேலி செய்திருக்கிறேன். அந்த அறுப்பில் தும்மலோடு நெஞ்சுக்குள்ளிருந்து விசில் மாதிரி ஒரு சத்தமும் வந்தது. கேலி நின்றுபோனது. அவருடைய நைனா, என் மாமனார், இரைப்பு நோயில்தான் போனார். "மூக்குல ஆரம்பிச்சு மாருல எறங்குச்சு" என்று மாமியார் ஒருமுறை சொன்னது என் காதிலேயே நின்றது.

பஸ் ஏற்றி, திருப்பதி ஆஸ்பத்திரிக்கு அவரை இழுத்துக்கொண்டு போனேன். எனக்குத் தெலுங்கு வரும் என்று ஒரு மிதப்பு. சந்தையில் புளி வாங்கப் போதுமான தெலுங்கு, அவ்வளவுதான்.

டாக்டர் மூக்கைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஆயாசம் வஸ்துந்தா?"

"லேது சார், ஆயாசமே லேது!" என்றேன் பெருமையாக. பகலெல்லாம் ஏர் பிடிக்கிற மனிதரைப் பார்த்து அசதி வருமா என்று கேட்டால் வேறென்ன சொல்வது? இவர் வாயே திறக்காமல் குனிந்து உட்கார்ந்திருந்தார். அந்த விசில் சத்தத்துக்குத் தெலுங்கில் என்ன பெயர் என்று நான் தடுமாறுவதற்குள் மூக்குக்குச் சொட்டு மருந்து எழுதிவிட்டு, டாக்டர் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

வெளியே வந்ததும் எதிரே ஒரு வைக்கோல் வண்டி உரசிக்கொண்டு போனது. நாலு தும்மல். பிறகு தும்மல் இல்லை, மூச்சும் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு காற்றுக்குத் தவித்தார். உதடு நீலமாகிவிட்டது. நான் கூச்சல் போட்டேன். என் கை தானாகத் தாலியைப் பிடித்திருந்ததைப் பார்த்ததும் சட்டென்று விட்டுவிட்டேன்.

ஆட்கள் உள்ளே தூக்கிப் போனார்கள். ஊசி போட்ட பிறகு மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. தமிழ் தெரிந்த கம்பவுண்டர் என்னிடம் வந்தார்.

"ஏம்மா, மூச்சு வாங்குதான்னுதானே கேட்டாரு? தெலுங்குல ஆயாசம்னா அதான். மூக்கும் மாரும் ஒரே வழிம்மா. தூசி ஒத்துக்காம மேல வீங்கினா, உள்ள மூச்சுக்கொழாயும் வீங்கிக்கும். ரெண்டுக்கும் சேர்த்துதான் மருந்து பாக்கணும்."

நான் கூசிப்போனேன். கட்டிலருகே உட்கார்ந்து, "தெரியாம சொல்லிட்டேங்க" என்று அழுதேன்.

"எனக்குத் தெரியும்" என்றார் அவர். "புத்தூர் மண்டியில அடிக்கடி காதுல விழற வார்த்தைதான்."

"அப்புறம் இன்னாத்துக்கு வாய மூடிக்கினு இருந்தீங்க?"

"நைனாவையும் இதான் கேட்டாங்க." மூச்சை நிறுத்தி நிறுத்திப் பேசினார். "நீ இல்லன்னு சொன்னியா... அப்படியே இல்லாமப் போயிடும்னு இருந்துட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. அதைவிடப் பயம் வந்தது. அன்று முதல் அவர் ஒன்றுமில்லை என்றால் நான் நம்புவதில்லை. சட்டையை விலக்கி, மார்பில் காதை வைத்து, நானே கேட்டுக்கொள்வேன்.