நாடகம் முடிய நாலு மணி

கோவிந்தசாமி நாலாவது தடவையாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றரை. மூன்று மணிக்கு முடியும் என்று சொன்ன நாடகத்தில் ராஜாவுக்கு இன்னும் பட்டாபிஷேகமே ஆகவில்லை.

நாடக ஆசையில் அவர் தன் ஊரான நவுவாவிலிருந்து பஸ் ஏறி லாமிக்கு வரவில்லை. தமிழர் சங்கம் வருஷத்துக்கு ஒரு நாடகம் போடும். வீட்டுக்கு ஒருத்தராவது போயாக வேண்டும். போகாத வீட்டுக் கல்யாணத்துக்குச் சமைக்க ஆள் வராது. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமையில் நடக்கும். தீவில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்தபின் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கூடாது என்று தடை வந்துவிட, இந்த ஜனவரியில் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். அதே சனிக்கிழமை ஐந்து மணிக்குத்தான் மகன் அமித் சிட்னியிலிருந்து நவுவாக் கடை ஃபோனுக்குக் கூப்பிடப் போகிறான். “ரெண்டு பேரும் இங்கேயே வந்துடறீங்களா, இல்லையா? ஒரு வார்த்தை போதும். திங்கட்கிழமை விசா பேப்பர் கொடுத்தாகணும்” என்று எழுதியிருந்தான்.

அந்த ஒரு வார்த்தையைக் கோவிந்தசாமி முடிவு செய்து வைத்திருந்தார். வரவில்லை. பதினெட்டு வயதில் ஏர் பிடித்தவர். குத்தகை நிலத்தில் முப்பத்தெட்டு வருஷ நெல். மூன்று தடவை ஆறு புகுந்து எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போய், மூன்று தடவையும் மறுபடி நட்டவர். மனைவி ஊர்மிளாவிடம் மட்டும் இதைச் சொல்லவில்லை. ஃபோனை முதலில் தான் எடுத்துச் சொல்லிவிட்டால் முடிந்தது, அப்புறம் அவள் என்ன செய்வாள் என்று நினைத்தார்.

மேடையில் ராஜா உள்ளங்கையைப் பார்த்தான். ராஜாவாக நடிக்கவேண்டியவன் போன வாரம் குடும்பத்தோடு வான்கூவருக்குப் போய்விட்டான். மந்திரி கிளம்பி இரண்டு மாசம். மிச்சமிருந்த ரவீந்திராவுக்குக் கிரீடத்தை மாட்டிவிட்டார்கள். அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது; வசனத்தை இங்கிலீஷ் எழுத்தில் கையில் எழுதியிருந்தான். வேர்வையில் மை கரைந்துவிட்டது.

“ராஜா கைரேகை பாக்கறாருடி!” என்று பின் பெஞ்சிலிருந்து சரோஜ் கத்தினாள். நவுவாவில் கோவிந்தசாமிக்குப் பக்கத்து வீட்டுக்காரி.

“எப்ப ஏரோப்ளேன் ஏறுவேன்னு பாக்கறான் போல” என்றது இன்னொரு குரல். மண்டபமே சிரித்தது. ராஜாவும் சிரித்துவிட்டான்.

நாலு மணிக்குத் திரை விழுந்தது; பாதியில்தான். இனி ஒரு வரிகூட ஞாபகமில்லை என்று ரவீந்திராவே கும்பிட்டுவிட்டான். முந்நூறு பேரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள்.

மண்டபத்துக்கு இரண்டு கதவு. பின்கதவு பூட்டிக்கிடந்தது.

“சாவி எங்கய்யா?” என்று சங்கச் செயலாளர் அப்பாசாமியைப் பிடித்தார் கோவிந்தசாமி.

“பழைய ராஜாகிட்ட. அவன்தானே மண்டபத்தைப் பாத்துக்கிட்டான்.”

“அவன் வான்கூவர்ல இருக்கான்!”

“சாவியும் அங்கதான் இருக்கும், அண்ணே.”

இருந்த ஒரே வாசலில் இன்னொரு வம்பு. மேடையில் முருகன் படம் வைத்து விளக்கேற்றியிருந்ததால் எல்லோரும் செருப்பை வாசலிலேயே கழற்றிப் போட்டிருந்தார்கள். முந்நூறு ஜோடி, முக்கால்வாசி ஒரே நீல வார் ரப்பர் செருப்பு. முன்னால் போனவர்கள் குனிந்து தேட, பின்னால் வந்தவர்கள் அவர்கள் முதுகில் மோதினார்கள். “என்னுது புதுசு, என்னுது புதுசு!” என்று ஒரு அம்மா ஒப்பாரி வைத்தாள்.

“வெறுங்காலோட போங்களேன்!” என்று கோவிந்தசாமி கத்தினார்.

“அவசரம்னா நீங்க பறந்து போங்கண்ணா” என்றாள் சரோஜ், குனிந்தபடியே.

தள்ளினார். யாரோ திட்டினார்கள். சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தது. வெளியே வந்தபோது நாலேகால். வெறுங்காலோடு ஓடி நவுவா பஸ்ஸைப் பிடித்தார். பாதி வழியில் பட்டாளத்துக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி, ஒவ்வொரு பையாகத் திறந்து பார்த்தார்கள். கோவிந்தசாமியிடம் பை இல்லை. அவருடைய காலை மட்டும் பார்த்தார்கள்.

கடை வாசலில் இறங்கும்போது ஐந்து இருபத்தைந்து. ஊர்மிளா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

“பேசினானா?”

“பேசினான்.”

“நீ என்ன சொன்னே?”

“நான் வரேன்னு சொன்னேன்.”

“என்னைக் கேக்காமலா?”

“நீங்க என்னைக் கேட்டீங்களா? ஒரு மாசமா கடுதாசியைத் தலகாணிக்கு அடியில வெச்சுக்கிட்டு ஒரு வார்த்தை பேசலியே.” அவள் குரல் உயரவில்லை. “உங்க பதிலை நான் சொல்லல. ஆறு மணிக்கு மறுபடி கூப்பிடுவான். நீங்களே சொல்லிக்குங்க.”

அவர் உட்கார்ந்தார், எழுந்தார், ரோடுவரை போய்த் திரும்பினார். வெளிநாடு போனவர்கள் பூட்டிவிட்டுப் போன வீடுகளைப் பார்த்தார். அந்த வரிசையிலேயே நாலு. ஊர்மிளா இல்லாத அடுப்படியை நினைத்துப் பார்க்க முயன்றார், முடியவில்லை. நிலத்தை விட்டுவிட்டு நடப்பதையும் நினைத்துப் பார்த்தார். அதுவும் முடியவில்லை. ஆறு அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போதே ஃபோன் அடித்தது.

“எடுங்க” என்றாள் ஊர்மிளா.

“அப்பா?”

“ரெண்டு பேர்னு எழுது” என்றார் கோவிந்தசாமி. சொன்ன வேகத்திலேயே பயம் வந்தது. “ஆனா அறுவடை முடிஞ்சுதான் வருவேன். அதையும் அந்தப் பேப்பர்ல எழுது.”

“அதை எழுத இதுல இடம் இல்லப்பா.”

“ஓரத்துல எழுதுடா!” என்று கத்தினார் அவர், ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.