அக்கா விரித்து வைத்த பத்திரிகை

அக்காவின் மோட்டார் சைக்கிளை ஓடாமல் ஆக்கியவன் நான். பழுதுபார்க்கப் போய்க் கெடுத்திருந்தாலாவது ஒரு மரியாதை இருந்திருக்கும். நான் வாசிக்கப் போய்க் கெடுத்தவன்.

ஹந்தானைத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து, கண்டியில் ஒரு கந்தோரில் எழுத்துவேலை பார்க்கும் லிகிதராகி, என்னையும் படிக்க வைத்தவர் அக்கா. அத்தான் காலமானபோது மகளுக்கு நான்கு வயது. அத்தானின் பழைய மோட்டார் சைக்கிளை விற்றுவிடச் சொன்னோம். அக்கா ஓட்டப் பழகினார். கராஜில் "நாளைக்கு வாங்க மிஸ்" என்று ஒரு மாதம் அலைக்கழித்தபின், பழுதுபார்க்கவும் தானே பழகினார். பழைய பத்திரிகையை விரித்து, கழற்றும் பாகங்களை அதே வரிசையில் இடமிருந்து வலமாக வைப்பார். பூட்டும்போது வலமிருந்து இடமாக வருவார். அவர் படித்த தொழில்நுட்பம் அவ்வளவுதான். இருபது வருடமாக அந்த வண்டி ஹந்தானை ஏற்றத்தில் நின்றதில்லை.

சென்ற ஆண்டு கார்புரேட்டரைப் பிரித்து வைத்திருந்த நாளில்தான் அவரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது.

"பேப்பர்ல கைய வைக்காத. நான் வந்து பூட்டிக்கிறேன். வண்டி புள்ளைக்கு" என்றார். பல்லேகலையில் வேலை கிடைத்திருந்த அவருடைய மகள், என் மருமகள், அதில்தான் போய்வர வேண்டும் என்பது அவருடைய ஆசை.

மறுநாள் வீட்டைப் பார்க்கப் போன நான், ஒரு ஸ்பிரிங்குக்குக் கீழே நல்ல கட்டுரைத் தலைப்பொன்றைக் கண்டேன். பாகங்களைச் சற்று ஒதுக்கி வாசித்தேன். தொடர்ச்சி மறுபக்கம் என்றிருந்தது. தாளைத் திருப்பினேன்.

அதன்பின் காலையில் தரையில் உட்கார்ந்து பூட்டுவதும், மாலையில் ஆஸ்பத்திரியில் "எல்லாம் வச்சபடியே இருக்கு" என்று பொய் சொல்வதுமாக நாட்கள் போயின. எப்படிப் பூட்டினாலும் பெட்ரோல் ஒழுகியது.

"ஒரு பேச்சுக்குக் கேக்குறேன் அக்கா, பெட்ரோல் நிக்காம ஒழுகுனா என்னா?"

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. "உள்ள ஒரு ஊசி இருக்கும். அத தலகீழா போட்டிருப்பாங்க. கூரு மேல போகணும். நானும் ஒரு பேச்சுக்குத்தான் சொல்றேன்."

ஒழுகல் நின்றது. என்ஜின் மட்டும் பேசவில்லை. அந்த வாரமே அக்கா எங்களை விட்டுப் போனார்.

கருமாதிக்கு முதல்நாள், வீட்டைக் கூட்டும்போது பத்திரிகையை மடித்தேன். மடிப்பிலிருந்து துளையுள்ள சிறிய பித்தளைத் திருகொன்று விழுந்தது. அதைப் பூட்டியதும் வண்டி மூன்றாம் உதையில் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தை அக்கா கேட்கவில்லை. அவரிடம் உண்மையைச் சொல்லும் தைரியமும் கடைசிவரை எனக்கு வரவில்லை.

அக்காவைப் பிள்ளைபோல் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், சாப்பாடு கொண்டுவந்த லயத்து உறவுகளுக்கும், தோள் கொடுத்த கந்தோர் நண்பர்களுக்கும், ஒரே கேள்வியோடு ஏழு தடவை வந்தவனைத் திட்டாத கட்டுகஸ்தோட்டை உதிரிப்பாகக் கடைக்காரருக்கும் இந்த முதலாம் ஆண்டு நினைவில் கைகூப்புகிறோம்.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதை மருமகளிடம் காட்டினேன். வேலைக்குப் புறப்பட்டவள், ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டே வாசித்தாள்.

"ஊசிய பத்திக் கேட்டீங்கல்ல, அன்னைக்கே அம்மாவுக்குத் தெரியும் மாமா. 'ஒங்க மாமா வாசிக்காம விட்டிருக்க மாட்டாரு, அந்தக் கட்டுரையாவது நல்லா இருந்துச்சான்னு கேளு'ன்னாங்க."