நான் வரைந்த முடிச்சு

கரம்பொனில் உயிரியல் படிப்பிக்கிறேன். வகுப்பின் முன் என் பிழையை முதன்முதலாக ஒப்புக்கொண்ட நாளை மறக்க முடியவில்லை.

ஈஸ்ட் கலத்தில் டி.என்.ஏ அறுந்தால், புரதங்கள் இரண்டு நுனிகளையும் இழுத்து ஒட்டிவிடும் என்று சொல்லி, கரும்பலகையில் ஒரு முடிச்சு வரைந்தேன். அல்லைப்பிட்டியிலிருந்து வரும் மேரி எழுந்தாள். கிழிந்த வலைகளைப் பொத்திச் சீராக்கும் மீனவக் குடும்பத்துப் பிள்ளை.

"ரீச்சர், வலையை அப்பிடி இழுத்து முடிஞ்சால் கோணிப்போடும். பிஞ்சுபோன கண்ணுகள் திரும்பி வராதே? நாங்கள் பக்கத்தில இருக்கிற நல்ல கண்ணைப் பார்த்துத்தான் பொத்துவம்."

"இது வலை இல்லை. நீர் இரும்," என்றேன் கடுப்பாக.

வீட்டில் புத்தகத்தைப் புரட்டியபோது முகம் சுட்டது. புரதங்கள் அறுந்த நுனியில் வரிசையாக ஏறி, அதைப் போன்ற முழு இழை ஒன்றைத் தேடிப் பிடிக்கின்றன. பெரும்பாலும் அதைப் பார்த்துத்தான் ஈஸ்ட், இழந்த பகுதியைத் திரும்ப எழுதிக்கொள்கிறது.

மறுநாள், "நேற்று நான் படிப்பிச்சது பிழை. மேரி சொன்னதுதான் சரி," என்றேன்.

"அப்ப ஈஸ்டுக்கும் வலை பொத்தத் தெரியும், என்ன ரீச்சர்?" என்றாள் மேரி. எல்லோரும் சிரித்தோம்.

இப்போதும் அந்தப் பாடத்துக்கு முதலில் அந்த முடிச்சைத்தான் வரைகிறேன். வலை பொத்தத் தெரிந்த யாராவது எழுந்து, அது பிழை என்று மறிக்கும்வரை பேசாமல் நிற்பேன். ஒரு வருஷமும் நெடுநேரம் நிற்க நேர்ந்ததில்லை.