ஜெயலக்ஷ்மி மாமியின் இரண்டாவது நாற்காலி

எங்கள் தெருவில் ஜெயலக்ஷ்மி மாமியைப் பற்றி யாரைக் கேட்டாலும் "பெரிய மனுஷி" என்பார்கள். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. அவர்களுக்குத் தெரிந்தால்தானே வருவதற்கு? எனக்குத் தெரியும். நான் எதிர்வீடு. என் ஆட்டோ நிற்பது மாமியின் கேட்டுக்கு நேர் எதிரில். கோவிந்துக்கு வாய் நீளம் என்று கொச்சியில் மட்டாஞ்சேரி முழுக்கப் பேர். இருந்துவிட்டுப் போகட்டும்.

மாமி பிறந்தது இதே தெருவில்தான். சட்டம் படித்து, முன்சீஃபாகச் சேர்ந்து, ஜில்லா ஜட்ஜியாக ரிடையர் ஆனார். காஸர்கோட்டில் கொஞ்ச வருஷம், மஞ்சேரியில் கொஞ்ச வருஷம், கொல்லத்தில் கொஞ்ச வருஷம் என்று வேலைக்காலம் முழுக்க மாற்றல். ஜட்ஜிமாருக்கு ஒரு நடப்பு உண்டு. கல்யாணத்துக்குப் போனால் அங்கே ஒரு வக்கீல் பல்லைக் காட்டிக்கொண்டு வருவான். பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் பாயசம் வாங்கிக் குடித்தால், நாளைக்கு அந்த வீட்டு வேலித்தகராறு தன் முன்னாலேயே வந்து நிற்கும். அதனால் யார் வீட்டுக்கும் போவதில்லை, யாரையும் சேர்ப்பதில்லை. கல்யாணமும் ஏனோ அமையவில்லை. கடைசியில் அப்பா விட்டுப்போன வீட்டுக்கு இரண்டு பெட்டியோடு திரும்பி வந்தார்.

சரி, இனியாவது நாலு பேரோடு பேசிப் பழகுவார் என்று பார்த்தால், மனித உரிமை ஆணையத்தில் உறுப்பினராகப் போட்டுவிட்டார்கள். பழைய நடப்பு மறுபடியும் ஆரம்பம். என் பையனுடைய பூணூலுக்குப் பத்திரிகை கொண்டுபோனேன். வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டு, "க்ஷேமமா இருக்கட்டும்" என்றார். வரவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நம் தெருவிலேயே பிறந்துவிட்டு, ஆட்டோ ஓட்டுகிறவன் என்பதால் வரவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

இப்படிப்பட்ட மாமியின் வீட்டுக்குள் அங்கம்மாள் நுழைந்ததே ஒரு கூத்து.

அங்கம்மாள் விருதுநகர்ப் பக்கம். பஜாரில் ஒரு சுக்கு குடோனில் புடைத்துச் சுத்தம் பண்ணுகிற வேலை. மகன் அழகர் டைல்ஸ் பதிக்கிறவன். தெருக்கோடியில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்து இருவரும் இருந்தார்கள். ஒருநாள் சாயங்காலம் நல்ல மழை. அங்கம்மாள் மாமியின் ஜன்னலுக்கு வெளியே ஒதுங்கி நின்றாள். உள்ளே டிவியில் ஆறரை மணித் தமிழ் நாடகம். திடீரென்று இவள், "அடியேய், அந்தப் பாலைக் குடிக்காதடி! கெழவி என்னமோ கலந்திருக்கா!" என்று தெருவே அதிரக் கத்தினாள். நான் ஆட்டோவிலிருந்து விழாத குறை. கதவு திறந்தது. மாமி திட்டப்போகிறார் என்று பார்த்தால், "உள்ளே வந்து பாரேன்" என்றார்.

அன்றிலிருந்து மாமி ஊரில் இருக்கிற நாளெல்லாம் ஆறரை மணிக்கு அங்கம்மாள் ஆஜர். கூடத்தில் மாமியின் பிரம்பு நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு பிரம்பு நாற்காலி வந்தது. கண்ணாடியும் பின் குத்திய புடவையும் பார்த்து, அங்கம்மாள் தானாகவே மாமியை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தாள். மாமி ஊர் ஊராகப் போவதெல்லாம் பரீட்சைப் பேப்பர் திருத்த என்று அவளுக்கு எண்ணம். ஒருமுறை நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். மாமி என்னை ஒரு பார்வை பார்த்தார், கப்சிப். ஒரு எழுத்துப் பிசகினாலும் விடாத மாமி அந்த ஒரு பொய்யை மட்டும் அப்படியே வளரவிட்டார். ஜட்ஜி வீட்டில் யார் வந்து நாடகம் பார்ப்பார்கள்? டீச்சர் வீடு என்றால் வரலாமே.

"டீச்சர், இந்த மாமியாக்காரியப் புடிச்சு உள்ள போடணும். கஞ்சி குடுக்கக் கூடாது."

"பாலில் கலந்ததை நீ பாத்தயோ? சந்தேகம்தானே இருக்கு? அதோட பலன் அவளுக்குத்தான்."

"நல்லா இருக்கே ஒங்க நாயம்! நீங்கல்லாம் பரீட்சையில எல்லாருக்கும் மார்க்கு அள்ளிப் போடுற டீச்சர்தான்!"

மாமி சிரிப்பார். வாய்விட்டு, தெருவுக்குக் கேட்கிற மாதிரி. அப்படி ஒரு சிரிப்பு அவருக்குள் இருந்தது என்று எங்களில் எவனுக்குத் தெரியும்?

அப்புறம்தான் அழகருக்கு அது நடந்தது. அவன் வேலை செய்த ஃபிளாட்டில் ஒரு சங்கிலி காணோம். போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. இரண்டு ராத்திரி உள்ளே வைத்து அடித்தார்கள். சங்கிலி அந்த வீட்டு பீரோவிலேயே கிடைத்தது. பையனை வெளியே விட்டார்கள், இடது காது போனது போனதுதான். கேஸும் இல்லை, காகிதமும் இல்லை. கேட்டால், விசாரிக்கக் கூப்பிட்டோம், அரைமணியில் அனுப்பிவிட்டோம் என்றார்கள்.

டீச்சரிடம் அங்கம்மாள் இதைச் சொல்லவில்லை. பையனுக்குக் காதுவலி என்று மட்டும் சொன்னாள். "அந்த வீட்ல போயி போலீசு, ஸ்டேசன்னு வாயால சொல்லவே கூசுது தம்பி. நான் அங்க போறதே அதை மறக்கத்தான்" என்று என்னிடம் அழுதாள். தொழிற்சங்கத்து ஆள் ஒருவர் அழகர் பேரில் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொடுத்தார். எறணாகுளத்தில் சிட்டிங் என்று நோட்டீஸ் வந்தது. உட்காரப்போவது யார் என்று விசாரித்தேன். நம் மாமி! எனக்குத் தலைகால் புரியவில்லை. நேரில் பார்த்து அசந்துபோகட்டும் என்று நினைத்து, அம்மாவையும் பிள்ளையையும் ஆட்டோவில் ஏற்றி, தோப்பும்படி பாலம் தாண்டும்வரை மூச்சுவிடவில்லை.

மண்டபத்தில் நல்ல கூட்டம். மேடையைப் பார்த்ததும் அங்கம்மாள் என் கையைப் பிடித்தாள். "அய்யோ தம்பி, நம்ம டீச்சரு!" அந்த முகத்தைப் பார்க்கவேண்டுமே. பக்கத்தில் ராமபத்ரன் என்று ஒரு பெரியவர் இருந்தார், ஏதோ பென்ஷன் மனு. ஆணையத்து ஆட்களின் ஜாதகம் முழுக்க அவர் நாக்கு நுனியில். தலைவர் ஹைகோர்ட்டில் இருந்தவர், இந்த அம்மா ஜில்லா ஜட்ஜி, இன்னொருத்தர் போலீஸில் எஸ்.பி.யாக இருந்து ரிடையர் ஆனவர் என்று அவர் மலையாளத்தில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். அங்கம்மாள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போது எங்களுக்கு முந்தின கேஸ் வந்தது. எதிர்ப்பக்கத்துக்காரர் ஒரு காலத்தில் மாமியின் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவராம். மாமி அவரை நிமிர்ந்து பார்த்தார். இவரை எனக்குத் தெரியும், நான் கேட்கக்கூடாது என்று கேஸ் கட்டைத் தள்ளிவைத்துவிட்டார். "இனி அது மற்றேயாள் கிட்டே போகும், போலீஸ்காரன் கிட்டே" என்றார் ராமபத்ரன். அதையும் நான் வேலைமெனக்கெட்டுத் தமிழில் சொன்னேன். அங்கம்மாளின் கை என் கையிலிருந்து நழுவியது.

"தெரிஞ்சவங்கன்னா கேக்க மாட்டாங்களா தம்பி?"

நான் பதில் சொல்வதற்குள் அழகர் பேரைக் கூப்பிட்டார்கள். அவனுக்குச் சரியாகக் கேட்கவில்லை, அம்மாதான் இழுத்துக்கொண்டு போனாள். மாமி தலையை நிமிர்த்தினார். அங்கம்மாளைக் கண்டதும் பேனா அப்படியே நின்றது. மாமி வாயைத் திறக்குமுன் இவள் முந்திக்கொண்டாள்.

"அம்மா, எனக்கு ஒங்களைத் தெரியாதுங்க. இன்னைக்குத்தான் மொத மொதப் பாக்குறேன். சத்தியமாத் தெரியாது!"

யாரும் கேட்காத கேள்விக்குச் சொன்ன பதில். மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். மாமி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அப்புறம் தமிழில், மெதுவாக, "பொய் சொல்லாதே அங்கம்மா" என்றார். திரும்பி, எழுதுகிற பெண்ணிடம் மலையாளத்தில் சொன்னார்: மனுதாரரின் அம்மா என் கூட்டுகாரி, ஆகவே இந்த மனுவை நான் கேட்பது முறையல்ல. கூட்டுகாரி என்றால் சிநேகிதி. அதைக் கேட்டதும் அந்தப் பெண் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "கூட்டுகாரி. அப்படியே எழுதிக்கோ" என்றார் மாமி.

வெளியே வந்ததும் அங்கம்மாள் வெடித்தாள். "சிநேகிதின்னு எழுதுனாங்களாம்! அதை வச்சு நான் என்னய்யா பண்ண? எம்புள்ளைக்குக் காது கேக்குமா? அடிச்ச போலீசு சாதிக்காரன் கைக்கே தள்ளிவிட்டுட்டாங்களே ஜட்ஜம்மா!" டீச்சர் போய் ஜட்ஜம்மா ஆகிவிட்டது. திரும்பி வருகிற வழியெல்லாம் அழுதாள்.

எனக்குக் கேட்கவேண்டுமா? சாயங்காலம் நேராகப் போய்க் கேட்டைத் தட்டினேன். "நீங்க மனுஷிதானா மாமி? ஒரு தடவை கண்ணை மூடிண்டா லோகம் முழுகிப் போயிடுமோ?"

மாமி கோபிக்கவில்லை. "நானே கேட்டு அவளுக்கு அனுகூலமா எழுதறேன்னு வச்சுக்கோ. நாளைக்கே போலீஸ்காரா ஹைகோர்ட்டுக்குப் போய், தினம் ஆத்துக்கு வந்து டிவி பாக்கற சிநேகிதிக்கு எழுதினாள்னு சொல்லிக் கிழிச்சுப் போட்டுடுவா. அந்தப் பையனுக்கு ஒண்ணுமே கிடைக்காது கோவிந்த்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "கேஸ் முடியற வரைக்கும் அவளை இங்கே வரவேண்டாம்னு சொல்லு" என்றார்.

"அவள் எங்கே வரப்போறாள்!" என்று கத்திவிட்டு வந்தேன். மாமி கேட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார்.

அதற்கப்புறம் ஆறரை மணிக்கு டிவி மட்டும் ஓடும். சத்தமே வைக்கமாட்டார். கிழவி பாலில் எதைக் கலந்தாலும் கேட்பாரில்லை. பக்கத்து நாற்காலியில் ஒரு பேப்பர்கூட வைப்பதில்லை, தினமும் துடைத்துவைப்பார். நான் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். பாவமாகவும் இருக்கும், கோபமாகவும் இருக்கும்.

அடுத்த சிட்டிங் வந்தது. இந்தத் தடவை அந்தப் பழைய எஸ்.பி. முறுக்கிய மீசை. அங்கம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். ஸ்டேஷன் ஆட்கள் அதே அரைமணிக் கதையைச் சொன்னார்கள். அவர் கேட்டுக்கொண்டார். அழகரை வலது காதுப்பக்கம் கிட்டே கூப்பிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "காலைல உனக்குச் சாயா யார் கொண்டுவந்தது?"

அழகர் யோசிக்கவே இல்லை. "கால் தாங்கித் தாங்கி நடக்குற ஒரு சேட்டன் சார். பாலில்லாத கட்டஞ்சாயா. கம்பிக்குள்ள டம்ளர் நுழையாது, அதனால தூக்குல இருந்து கையிலயே ஊத்துவாரு."

எஸ்.பி. அந்த ஸ்டேஷன்காரர்களைப் பார்த்துப் புன்னகைத்தார். "நானும் ஸ்டேஷன்ல இருந்தவன்தான். அரைமணி உக்காந்தவனுக்கு லாக்கப் சாயா கிடைக்குமோ?" ஒருத்தனும் தலை நிமிரவில்லை. அந்தச் சாயாக்காரனையே வரவழைத்து வாக்குமூலம் வாங்கினார். நஷ்டஈடு, காதுக்குச் சிகிச்சை, அடித்தவர்கள்மேல் நடவடிக்கை என்று உத்தரவு வந்தது. மாமி கேட்டிருந்தால் சட்டப் பிரிவு எல்லாம் கேட்டிருப்பார், சாயா கேட்டிருக்கமாட்டார். இதை மாமியிடமே சொன்னேன். "வாஸ்தவம்" என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "அவள் வருவாளோ?" என்று கேட்க வந்து, கேட்காமல் நிறுத்தினார். அரசாங்கம் பதில் சொல்ல ஒரு மாதத் தவணை இருக்கிறதாம். "அது வரைக்கும் முறையில்லை" என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி.

அந்தத் தவணைக்குள் அங்கம்மாள் ஊரைக் காலி செய்துவிட்டாள். மதுரையில் காதுக்குப் பார்க்கிறார்களாம், அழகருக்கும் இங்கே மனசு ஒட்டவில்லை. கிளம்புகிற அன்று என் ஆட்டோவில்தான் ரயில் ஸ்டேஷனுக்குப் போனாள். மாமி வீட்டைத் தாண்டும்போது, "நிறுத்தட்டுமா?" என்றேன். ஜன்னலையே பார்த்தாள். "அவங்கதான் வரக்கூடாதுன்னுட்டாங்களே தம்பி. எந்த மொகத்தோட போவேன்? நான்தான் தெரியாதுன்னு சொன்னவளாச்சே" என்றாள். நான் வண்டியை நிறுத்தியிருக்கலாம். ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

நேற்றைக்கு மாமி தானாகவே கேட்டுக்கு வெளியே வந்தார். எங்கள் தெருவில் யாரும் பார்த்திராத அதிசயம். தலைவாரி, நல்ல புடவை. "கோவிந்த், அரசாங்கம் உத்தரவை ஏத்துண்டுடுத்து. இன்னியோட எல்லாம் முடிஞ்சுது. அங்கம்மா கிட்ட சொல்லு, இனிமே வரலாம். கிழவியை ஜெயில்ல போட்டாச்சுன்னு சொல்லு, ஓடி வருவாள்."

என் நீள வாய் அப்போது எங்கே போனதோ. இத்தனை நாள் சொல்ல மனசு வராததைத் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். மாமி, "ஓ" என்றார். "எப்போ?" என்றார். உள்ளே திரும்பி நடந்தார். நானும் பின்னாலேயே போனேன், யாரும் கூப்பிடாமல். டிவியில், இத்தனை நாளைக்குப் பிறகு சத்தத்தோடு, நாடகம் ஆரம்பிக்கிற பாட்டு.

"அழகரோட நம்பர் இருக்கு மாமி. பேசறேளா?"

"என்ன விஷயமான்னு கேட்டா என்ன சொல்றது?"

இத்தனை வயசுக்கு ஒரு விஷயமும் இல்லாமல் ஒருத்தருக்கும் போன் பண்ணிப் பழக்கமில்லை மாமிக்கு. நானே நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, அவர் கையில் திணித்தேன்.

"யாருங்க?" அங்கம்மாள்தான்.

மாமி போனை என்னிடமே திருப்பி நீட்டினார், நான் வாங்கவில்லை.

"யாருங்க பேசுறது? சொல்லுங்க."

மாமி அந்தக் காலி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "டீச்சர்" என்றார். "டீச்சர் பேசறேன்."

வைத்துவிட்டாள் என்றே நினைத்தேன். அப்புறம் அதே நாடகப் பாட்டு போனுக்குள்ளிருந்தும் கேட்டது, இங்கே ஓடுவதற்குக் கொஞ்சம் பின்னால்.

"டிவி சத்தத்தைக் கொறைங்க டீச்சர்" என்றாள் அங்கம்மாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இங்கயும் அதான் ஓடுது."