பிரதீப்பின் காரில் மாட்டிய ஸ்பீக்கர்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். கையைக் காலைப் பிடித்து நம்ப வைக்க எனக்கு நேரமில்லை. இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில், சித்தூரில், என் கடைக்குள்.

கார்களுக்கு ஸ்பீக்கர் மாட்டுவது என் தொழில். "பொம்பளைக்கு எதுக்குங்க இந்த வேலை?" என்று கேட்டவர்களின் காருக்கும் நான்தான் மாட்டியிருக்கிறேன். போன பங்குனியில் ஒரு திங்கட்கிழமை, காலை 11.20. பக்கத்து ஊரான பெருமாட்டியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் சென்னிமலை ஐயா ஒரு வெள்ளைக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"எம்பட பையன் பிரதீப்போட வண்டிங்க அம்மிணி. பைக்குல அடிபட்டு, அவன் போயி எட்டு மாசமாச்சு. தெனமும் சாயங்காலம் இதுக்குள்ளதான் உக்காந்திருப்பேன். ஸ்பீக்கரு கொரகொரங்குது. நல்லதா மாத்தோணும். ஆனா..."

கதவைத் தடவினார்.

"ஓட்டை போடக்கூடாது. ஒயரை அறுக்கக்கூடாது. அவன் உட்டுட்டுப் போனது அப்படியே இருக்கோணும். ஒண்ணு ஒடஞ்சாலும் என்னால தாங்க முடியாதுங்க."

"ஒரு கீறல்கூட விழாதுங்க. அஞ்சு மணிக்கு வாங்க," என்றேன்.

கதவுக்குள் பெரிய ஸ்பீக்கர், கண்ணாடி ஓரத்தில் சின்ன ட்வீட்டர். மங்கலான பேச்சைத் துலக்கிக் கொடுப்பது அந்தச் சின்னதுதான். எல்லாவற்றையும் கம்பெனி போட்ட திருகு ஓட்டையிலேயே மாட்டலாம். பொறுமைதான் வேண்டும்.

மதியம் 2.10. பேட்டரி ஒயரைக் கழற்றினேன். வண்டியில் இப்போது ஒரு சொட்டுக் கரண்ட் கிடையாது. கதவின் உள்பலகையை ஒவ்வொரு கிளிப்பாக நெம்பி எடுத்தேன். பழைய ஸ்பீக்கரைக் கழற்றி மேஜையில் வைத்தேன்.

2.25. டப்.

மேஜையிலிருந்து. லாரி போன அதிர்வு என்று நினைத்தேன். தெருவில் லாரி இல்லை.

டப்... டப்...

எந்த ஒயரும் இல்லாத ஸ்பீக்கரின் கூம்பு மேலே எழுந்து இறங்கியது. மூச்சு விடுவது போல.

"சரித்தான் போ," என்று சொல்லி அதைக் கவிழ்த்து வைத்தேன். புதியதைப் பூட்டினேன்.

3.05. பலகையைத் திரும்பப் பொருத்த இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தேன். கதவுக்குள் ஏதோ கனைத்தது.

"ப்பா..."

ஓடலாம். ஓடினால் பலகை விழும். உடையும். அந்த மனிதருக்கு நான் கொடுத்த வாக்கு?

"அப்பா..."

பலகையை நான் விடவில்லை.

பயந்தேன். பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பயத்தை விடக் கோபம்தான் அதிகம் வந்தது.

"வாய மூடு!" என்று கத்தினேன். "நீ யாரா வேணா இரு. வேலை முடியற வரைக்கும் மூச்சு உடக்கூடாது!"

மூடிக்கொண்டது.

கடைசி கிளிப்பை அழுத்தும்போது மணி 4.40. ஒன்றுகூட உடையவில்லை. வண்டியை எடுக்க வந்த ஐயாவிடம் எதையும் சொல்லவில்லை. மகனைப் பறிகொடுத்தவரிடம் என்னவென்று சொல்வது?

வியாழக்கிழமை காலை வண்டியோடு திரும்பி வந்தார். மூன்று நாளில் முகம் வற்றிப்போயிருந்தது.

"பழசையே மாட்டிக் குடுத்துருங்க அம்மிணி."

"ஏனுங்க? சத்தம் சரியில்லீங்களா?"

"ரொம்பத் தெளிவா இருக்குதுங்க." கதவைப் பார்த்தபடி சொன்னார். "எட்டு மாசமா இதுக்குள்ள எம் பையன் பேசுவானுங்க. கொரகொரன்னு, பாதி கேக்காது. முழுசாக் கேக்கோணும்னுதான் உங்ககிட்ட வந்தேன்."

மேஜையில் கவிழ்த்து வைத்திருந்த பழைய ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தேன்.

"கேட்டேனுங்க. அது பிரதீப்போட கொரலே இல்லீங்க."

"ஐயா, வண்டியக் கண் காணாத எடத்துல வித்துருங்க," என்றேன்.

அவர் தலையாட்டி மறுத்தார்.

"பழைய ஸ்பீக்கரப் போடுங்க அம்மிணி. அதுல கேட்டா... அவனாட்டவே இருக்கும்."