இடது பக்கக் கதவுகள்

எந்த வீட்டை இடிக்கிறார்கள் என்று மோப்பம் பிடித்துப் போய், கதவு, ஜன்னல், பித்தளைக் கைப்பிடி என்று கழற்றிக்கொண்டு வந்து விற்பதுதான் பித்தளைக்காரரின் பிழைப்பு. பழைய வீட்டைப் பழைய மாதிரியே புதுப்பிக்க நினைப்பவர்கள் அவரைத்தான் தேடி வருவார்கள். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வெறுங்கையோடு திரும்புவார்கள். பாகத்தில் அவருக்கு வந்த இரட்டைக் கதவுகளில் எல்லாம் இடது பக்கம் மட்டும்தான் இருந்தது.

வலது பக்கமெல்லாம் கடையை இரண்டாக்கிய தகரத் தடுப்புக்கு அப்பால், தம்பியிடம். பாகம் பிரித்த அன்று, ஜோடியைப் பிரிக்காதீர்கள் என்று சொந்தக்காரர்கள் தலைதலையாக அடித்துக்கொண்டார்கள். இவருக்கோ மூக்கின் மேல் கோபம்.

"எல்லாம் சரிபாதி. ஒவ்வொரு ஜோடியிலயும் ஒண்ணு" என்றார்.

தம்பி மட்டும் சளைத்தவனா? தாழ்ப்பாளை இவருக்குத் தள்ளிவிட்டு, அது போய் மாட்டுகிற வளையத்தைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டான். அன்றைக்கு நின்ற பேச்சுதான், எட்டு வருஷமாகிறது. இரண்டு பேர் கடையிலும் பாதிப் பாதியாகத் தூசி படிந்ததுதான் மிச்சம்.

ஒரு டீச்சர் வந்தார். அவர் வீட்டு வாசலுக்குக் கொடி செதுக்கிய தேக்குக் கதவு வேண்டும்.

"இதோட ஜோடி?"

"இல்லம்மா."

"பக்கத்துல பாத்துட்டுத்தான் வரேன். அண்ணன் ஒரு வார்த்தை சொன்னா ரெண்டையும் சேர்த்தே குடுத்துடலாம்னு உங்க தம்பி சொல்றார்."

எட்டு வருஷமாகப் பித்தளைக்காரர் காத்திருந்தது இதற்குத்தான். தம்பி இறங்கி வருகிறான்! சரி என்றிருந்தால் முடிந்திருக்கும். வீம்பு விடுமா?

"அவனே நேர்ல வந்து கேக்கட்டும். நான் மூத்தவன்."

"நான் என்ன தபால்காரியா?" என்று எரிந்து விழுந்தாலும், டீச்சர் போனார்.

வருவான் என்று இவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வாசலைப் பார்த்து நின்றார். வந்தது ரம்பச் சத்தம். அறுபடுவது தேக்கு என்பது சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

டீச்சர் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். "அந்த ஜோடிக் கதவை அலமாரிப் பலகைக்கு அறுக்கறார். இனிமே யாரும் யாரையும் கேக்க வேண்டாமாம். திருப்தியா உங்களுக்கு?"

பித்தளைக்காரர் ஓடிப்போய்த் தகரத்தை இரண்டு கையாலும் அறைந்தார்.

"டேய்! நிறுத்துடா! சேர்த்தே வித்துடலாம்டா!"

ரம்பம் நின்றது. தகரத்துக்கு அந்தப் பக்கம் தம்பி இருமுவது கேட்டது. இவர் காதைத் தகரத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

ரம்பம் விட்ட இடத்திலிருந்து மறுபடி அறுக்க ஆரம்பித்தது.