சுவரைப் பார்த்து உட்கார்ந்த கம்ப்யூட்டர்

போன பங்குனியில், கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் என் ஃப்ளெக்ஸ் டிசைன் கடையில் நடந்தது இது. ஊரில் எல்லோரையும் கிண்டல் செய்து ஐம்பது வயதைத் தாண்டியவன் நான். அன்று மத்தியானம் நான் பட்ட பாட்டை நானே சொல்லிவிடுவது நல்லது. என் மனைவி சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும்.

நாகலாபுரத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். மறுநாள் காலை அவர் மகளுக்குக் காதுகுத்து. மண்டப வாசலில் வைக்க ஃப்ளெக்ஸ் வேண்டும். மிளகாய் வத்தல் அள்ளிய கையோடு பஸ் ஏறியிருப்பார் போல, அவர் வந்து உட்கார்ந்ததிலிருந்து எனக்குத் தும்மல் நிற்கவில்லை.

காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். இந்த அம்மாவுக்கு ஒரு அண்ணன், ஒரு தம்பி. டிசைனில் தம்பி படம் நடுவில் பெரிதாக இருந்தது. அண்ணனோடு ஏதோ நிலத் தகராறில் பல வருடமாகப் பேச்சு இல்லை. ஆனாலும் பத்திரிகை வைத்திருந்தார். அண்ணன் "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னாராம்.

"வராத ஆளுக்கு எதுக்குத் தாயி இடம்? தூக்கிருவோமா?" என்றேன்.

"தூக்காதீங்க அண்ணாச்சி. வாராவ, வரல, அது அவிய பாடு. வாசல்ல வந்து நின்னு பாக்கும்போது அவிய மூஞ்சி அதுல இல்லைன்னா அப்படியே திரும்பிருவாவ. அப்புறம் இந்த ஜென்மத்துக்கும் வரமாட்டாவ. ஓரத்துலயாச்சும் ஒரு இடம் இருக்கணும்லா."

சரியென்று ஓரத்தில் ஸ்டாம்பு அளவுக்கு வைத்தேன். சாயங்காலத்துக்குள் பிரிண்ட் போடும் கடைக்கு அனுப்ப வேண்டும். அப்போதுதான் திரையில், 'புது கெர்னல் வந்திருக்கிறது, ஏற்றவா?' என்று ஒரு கேள்வி. பெங்களூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் லினக்ஸ் போட்டுக் கொடுத்த கம்ப்யூட்டர் அது. கெர்னல் என்றால் அதன் அடிமூளை. புதிது என்றால் நல்லதுதானே என்று அமுக்கிவிட்டேன். ஒரு நீலக் கோடு ஊர்ந்தது. விளாத்திகுளம் டவுன் பஸ்கூட அதைவிட வேகமாகப் போகும். பொறுமை இழந்து ஸ்விட்சை அணைத்துப் போட்டேன்.

மறுபடி போட்டால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. கடைசி வரியில் 'கெர்னல் பேனிக்'. பதற்றமாம். அதுவாவது வாய்விட்டுச் சொல்லிவிட்டது. நான் அந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். டிசைன் மொத்தமும் அந்தப் பெட்டிக்குள். இருபது சொந்தக்காரர்களின் தலையை மறுபடி முதலிலிருந்து அடுக்க நேரமில்லை.

முதல் வேலையாகத் திரையைச் சுவர் பக்கம் திருப்பினேன்.

"அது எதுக்கு அண்ணாச்சி செவத்தைப் பாத்து உக்காந்திருக்கு?"

"வெயில் பட்டா கலர் வெளுத்துரும் தாயி."

பெட்டியைத் திறந்து ரேம் என்கிற மெமரிப் பட்டையை உருவி, பென்சில் ரப்பரால் தேய்த்தேன். பேனிக். ஒயர்களைப் பிடுங்கிச் சொருகினேன். பேனிக். கடைசியில் சூடம் ஏற்றிக் காட்டினேன். பிரிண்டுக்கு முன் பூஜை போல என்று நினைத்து அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கோ, அவருடைய அண்ணன் மண்டப வாசலில் நின்று திரும்பிப் போவது கண்ணில் தெரிந்தது. வீடியோ காலில் அந்தப் பெங்களூர் மருமகனைப் பிடித்தேன்.

"மருமவனே, நான் ஒண்ணுமே செய்யலலே. அதுவா செத்துப்போச்சு."

"பாதியில ஆஃப் பண்ணுனீங்களா மாமா?"

"சேச்சே. கரண்டு போச்சு."

"நான் வாங்கித் தந்த யூபிஎஸ் என்ன செஞ்சுது?"

யூபிஎஸ் என் காலடியில் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருந்தது. மெல்லக் காலால் மறைத்தேன்.

"காலை எடுங்க மாமா, தெரியுது."

சிரித்து முடித்துவிட்டு வழி சொன்னான். ஆன் செய்ததும் எஸ்கேப் பட்டனை ஒரு தடவை தட்ட வேண்டுமாம். நான் தட்டிய தட்டில் அது வேறு எங்கோ போய் நின்றது.

"கதவைத் தட்டச் சொன்னேன் மாமா, உடைக்கச் சொல்லல."

இரண்டாம் முறை ஒரு பட்டியல் வந்தது. அதில் 'கூடுதல் தேர்வுகள்' என்பதற்குள் போனால், மேலே பாதியில் நின்ற புதுக் கெர்னல். அதற்குக் கீழே பழையது.

"பழசு அங்கனயே கெடக்கு பாருங்க. புதுசு வந்தாலும் அது பழசை உடனே தூக்காது. புதுசு காலை வாரிட்டா யாரு காப்பாத்துவா? அதைத் தொடுங்க."

தொட்டேன். திரை வெளிச்சமானது. டிசைன் அப்படியே இருந்தது, ஓரத்தில் ஸ்டாம்பு அளவில் அந்த அண்ணன் முறைத்துக்கொண்டிருந்தார். நான் தூக்கிவிடலாம் என்று சொன்ன ஆள். எனக்கு என்னமோ போல் ஆகிவிட்டது. அவரைப் பிடித்து இழுத்துத் தம்பி அளவுக்குப் பெரிதாக்கிவிட்டுத் திரையை அந்த அம்மா பக்கம் திருப்பினேன்.

"அண்ணன் பெருசாயிட்டாவளே!"

"வெயிலுக்கு உப்பிட்டாவ தாயி."

அவர் சிரிக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வத்தல் காரமாக இருக்கும் என்று நானும் திரும்பிக்கொண்டேன். ஃப்ளெக்ஸ் போன பிறகு, பாதியில் நின்ற வேலையை மருமகன் சொல்லச் சொல்ல முடித்தேன். ஸ்விட்ச் பக்கம் கையே போகவில்லை.

மறுநாள் மத்தியானம் ஒரு போட்டோ வந்தது. பிள்ளை வீரிட்டு அழுகிறது, உட்கார்ந்திருப்பது பெரிய மாமன் மடியில்.

இப்போதும் அந்தக் கம்ப்யூட்டர் அவ்வப்போது, 'பழைய கெர்னல் இடத்தை அடைக்கிறது, நீக்கவா?' என்று கேட்கும். ஓரத்தில் ஒரு இடம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, நான் பேச்சை நிறுத்தி வைத்திருக்கும் ஆட்களையும் ஒரு தடவை மனதுக்குள் எண்ணிப் பார்த்துக்கொள்கிறேன்.